நாயுடன் பாய்மரப் படகில் லங்காவி போகலாமா?

படகுதான் வீடு. கண் விழித்தால் கடல். பக்கத்திலேயே வாலை ஆட்டிக்கொண்டு உங்கள் நாய். இப்படியொரு காணொளியைப் பார்த்துவிட்டு, "நாமளும் போனா என்ன?" என்று தோன்றியிருக்கிறதா?

போகலாம். ஆனால் கடலைவிடக் கரைதான் உங்களுக்குப் பெரிய சவால்!

எவ்வளவு தூரம்?

சிங்கப்பூரிலிருந்து போர்ட் டிக்சன், பங்கோர், பினாங்கு வழியாக லங்காவிக்கு ஏறக்குறைய 400 கடல்மைல். பாய்மரப் படகின் வேகம் மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர்தான்.

மலாக்கா நீரிணையில் இரவில் மீன்பிடி வலைகள் கண்ணுக்குத் தெரியாது. சரக்குக் கப்பல்களும் அதிகம். அதனால் பலர் பகலில் மட்டும் ஓட்டுகின்றனர். அப்படிப் போனால் பல நாள் ஆகும்.

நாய் எங்கே 'போகும்'?

சிரிக்காதீங்க, முதல் சிக்கலே இதுதான். வீட்டுக்குள் அசுத்தம் செய்யக்கூடாது என்று பழகிய நாய், படகையும் வீடாகத்தான் நினைக்கும். மணிக்கணக்கில் அடக்கிக்கொள்ளும்.

படகின் முன்பக்கத்தில் செயற்கைப் புல்விரிப்பு ஒன்றைப் போடுங்கள். படகு துறையில் நிற்கும்போதே, புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே பழக்குங்கள்.

வெயிலைத் தாங்குமா?

நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுதும் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அது இன்னும் கடினம்.

- மேல்தளத்தில் எப்போதும் நிழல் இருக்கட்டும்.
- புறங்கையைத் தளத்தில் 5 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும்.
- 10 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் நல்ல தண்ணீர் தேவை. வெயிலில் இன்னும் கூடுதலாக வேண்டும்.
- கடல்நீரைக் குடிக்க விடாதீர்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். அளவு மிஞ்சினால் உயிருக்கே ஆபத்து.

தவறி விழுந்தால்?

நாய்க்கும் உயிர்காப்புச் சட்டை உண்டு. முதுகில் கைப்பிடி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். தண்ணீரிலிருந்து தூக்க அது ஒன்றுதான் பிடி. படகின் ஓரக் கம்பிகளில் வலை கட்டுங்கள்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை 'சுமத்ரா' சூறைக்காற்று வீசக்கூடும். பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ, மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும். வானம் கறுத்தால் நாயை முதலில் அறைக்குள் கொண்டுபோய்விடுங்கள். இருட்டில் விழுந்த நாயைக் கண்டுபிடிப்பது ஏறக்குறைய முடியாத காரியம்.

திரும்பி வர முடியுமா?

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். "கொஞ்ச நேரம் கரையில நடக்க விட்டுட்டு வந்துடலாம்" என்று நினைப்போம். சட்டத்தின் பார்வையில் அது இறக்குமதி. மலேசியாவுக்குள் நாயைக் கொண்டுசெல்ல முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

சிங்கப்பூருக்குத் திரும்புவது இன்னும் கடினம். 1953ஆம் ஆண்டிலிருந்து சிங்கப்பூரில் வெறிநாய்க்கடி நோய் இல்லை. மலேசியாவிலோ 2015இல் பினாங்கு, கெடா, பெர்லிஸ் மாநிலங்களிலும் 2017இல் சரவாக்கிலும் அந்நோய் பரவியது.

அதனால், இங்கேயே வளர்ந்த நாயாக இருந்தாலும் மலேசியாவிலிருந்து திரும்பும்போது இவை தேவை:

- மைக்ரோசிப்
- வெறிநாய்க்கடித் தடுப்பூசி
- தடுப்பாற்றலைக் காட்டும் இரத்தப் பரிசோதனை
- இறக்குமதி உரிமம்
- தனிமைப்படுத்தும் நிலையத்தில் முன்பதிவு செய்த இடம்

உரிமம் இல்லாமல் கொண்டுவந்தால் 10,000 வெள்ளி வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம்.

அப்போ என்ன செய்யலாம்?

திரும்பி வரும் வழியை முதலில் திட்டமிடுங்கள். தேசியப் பூங்காக் கழகத்தின்கீழ் இயங்கும் விலங்கு மருத்துவச் சேவைப் பிரிவின் இணையத்தளத்தில் இப்போதைய விதிமுறைகளைப் பாருங்கள். சில மாத அவகாசம் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள்.

அதற்கிடையே, சிங்கப்பூர்க் கடற்பகுதிக்குள்ளேயே ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். நாய் நடுங்கினாலோ சாப்பிட மறுத்தாலோ அதுவே அதன் பதில். பயணம் போகும் ஆசை உங்களுடையது. அதற்குப் பிடிக்கவில்லை என்றால், நம்பிக்கையான ஒருவரிடம் விட்டுவிட்டுப் போவதும் அன்புதான்.