ஸ்கேனரில் எண் ஏறிய கதை

2025 ஜூலை 4 அன்று விண்வெளி நிலையத்திலிருந்து இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா பெங்களூரு யு.ஆர். ராவ் செயற்கைக்கோள் மையத்தோடு உரிமம் பெற்ற ஆர்வலர்களின் ஹாம் ரேடியோவில் பேசினார். நிலையத்தின் குரல் கீழே இறங்கும் எண் 145.800 மெகாஹெர்ட்ஸ். திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகம் குளத்துக்கு அடுத்த தெருவில் எங்கள் மொட்டைமாடி. முந்தின நாள் சாயங்காலமே அங்கே உட்கார்ந்து அதை என் ஸ்கேனரில், பல அலைவரிசைகளை மாற்றி மாற்றிக் கேட்கும் ரேடியோவில், ஏற்றினேன். ஒன்றல்ல, மூன்று எண்கள்: 145.805, 145.800, 145.795. நிலையம் நம்மை நோக்கி வரும்போது அலை ஏறிக் கேட்கும், விலகிப் போகும்போது இறங்கும். ரயில் ஊதல் மாதிரிதான். இங்கே அந்த ஏற்ற இறக்கம் மூன்றரை கிலோஹெர்ட்ஸ் வரை இருக்கும்.

கீழ்வீட்டுப் பையன் பக்கத்தில் குந்தியிருந்தான். "மாமா, ஊர் பேரைக் கொடுத்தா தானா எல்லாம் வந்துடாதா?"

"நம்ம ஊருக்கு வராதுடா. நாமதான் ஒவ்வொண்ணா போடணும்."

ஏன் வராது என்று அவனுக்குச் சொல்ல வேண்டுமானால், இந்தப் பெட்டிக்குள் எண் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் எண்ணே கிடையாது, கல்தான் இருந்தது. குவார்ட்ஸ் படிகத்தைச் சீவி மின்சாரம் கொடுத்தால், அதன் கனத்துக்கேற்ற ஒரே வேகத்தில் அசராமல் அதிரும். வால்டர் கேடி 1921இல் இதை வைத்து அலையாக்கி செய்தார். 1960களின் கடைசியில் அமெரிக்காவில் ஸ்கேனர் வீட்டுச் சாமானாக வந்தபோது, ஒரு அலைவரிசைக்கு ஒரு கிரிஸ்டல் என்பதுதான் கணக்கு. எட்டு இடம் கேட்க எட்டுக் கல். தீயணைப்புத் துறை தன் அலைவரிசையை மாற்றிக்கொண்டால், கேட்கிறவர் கடைக்குப் போய்ப் புதுக் கல் வாங்க வேண்டும்.

இந்தக் கல்லின் பிடியிலிருந்து கேட்பவரை விடுவித்தது, 1932இல் பிரான்சின் ஆன்ரி த பெல்சீஸ் எழுதி வைத்த ஒரு யோசனை. கட்டப் பூட்டு வளையம் என்று அதைச் சொல்லலாம். ஒரு அலையை இன்னொன்றின் தாளத்தோடு பூட்டி, விலகும்போதெல்லாம் இழுத்துப் பிடிக்கும் சுற்று அது. நடுவில் ஒரு வகுத்தல் கணக்கைச் செருகினால், ஒரே கல்லை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான அலைகளைப் பிறப்பிக்கலாம். கல்லின் தாளம் 5 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 145.800 வேண்டுமா? 29,160ஆல் வகு என்று சுற்றுக்குச் சொன்னால் போதும். (உள்ளே இடைநிலை அலைக்காக ஒரு கழித்தலும் உண்டு, அது இப்போது வேண்டாம்.)

சுற்றுக்கு அந்த 29,160ஐச் சொல்வது எப்படி? 1970களின் நடுவில் எலக்ட்ரா நிறுவனத்தின் பேர்கேட் 101 ஸ்கேனர் அதற்கொரு வழி வைத்திருந்தது. முகப்பில் வரிசையாகச் சிறு சுவிட்சுகள், கூடவே ஒரு குறியீட்டுப் புத்தகம். அலைவரிசையைப் புத்தகத்தில் தேடி, அதற்கு நேரே உள்ளபடி சுவிட்சுகளை மேலும் கீழுமாகத் தள்ள வேண்டும். நம் 29,160ஐ இரும எண்ணில் எழுதினால் 111000111101000. பதினைந்து இலக்கம். பையன் இதைத் தாளில் தானே போட்டுப் பார்த்தான், இரண்டு தடவை தப்பினான். அன்றைக்குக் கேட்டவர்கள் ஒவ்வொரு சேனலுக்கும் இந்தப் பாடு பட்டார்கள், சந்தோஷமாகவே பட்டார்கள் என்று நினைக்கிறேன். கடைக்காரரிடம் போகாமல், சொந்தக் கையால் ஒரு புது அலைவரிசையைத் திறப்பது அதுவரை பலருக்கும் வாய்க்காத சுகம்.

1977இல் வந்த பேர்கேட் 210இல் பொத்தான் பலகை வந்துவிட்டது. பத்து சேனல். எண்ணை அப்படியே தட்டலாம், இருமக் கணக்கை உள்ளே இருந்த சில்லு பார்த்துக்கொண்டது. இன்றைக்கு என் கையில் உள்ள ஸ்கேனரில் நான் தட்டுவதும் அதே தட்டல்தான்.

பிறகு அமெரிக்காவில் அதுவும் தேவையில்லாமல் போயிற்று. 2010இல் யூனிடென் நிறுவனம் கொண்டுவந்த ஹோம்பேட்ரோல் ஸ்கேனரில் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் அந்த வட்டாரத்தின் அலைவரிசை எல்லாம் தானே நிரம்பும். அமெரிக்காவிலும் கனடாவிலும் பல ஆண்டுகளாகத் தன்னார்வலர்கள் கூடிச் சேர்த்த பட்டியல் உள்ளே இருக்கிறது. திருவனந்தபுரத்துக்கு அதில் இடமில்லை. அதனால் 1977இன் வேலைதான் இன்றும் நமக்கு.

இந்தப் பட்டியல் இல்லாததில் எனக்கு வருத்தமில்லை. 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் தொட்டு, உரிமம் இல்லாமல் இப்படிப்பட்ட கருவியை வைத்திருப்பதே இங்கே குற்றம். நான் தேர்வு எழுதி ஹாம் உரிமம் வாங்கியவன். போலீஸ் பேசுவதைக் கேட்பது என் வேலையல்ல. ஹாம்களுக்கு என்று ஒதுக்கிய இடமே எனக்குத் தாராளம்: 144 முதல் 146 வரை, 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரை.

டிஜிட்டல் வந்தபின் இந்தக் கைவேலை இரட்டிப்பானது. அமெரிக்கப் பொதுப் பாதுகாப்புத் துறையினர் 1989இல் தொடங்கிய பி25, ஐரோப்பாவில் 2005இல் வெளியான டிஎம்ஆர் இரண்டிலும் குரல் எண்களாகச் சுருங்கிப் பயணிக்கிறது. டிஎம்ஆரில் ஒரே அலைவரிசையில் இரண்டு பேச்சு ஓடும். ஒரே குழாயடியில் இரண்டு குடத்தை மாற்றி மாற்றிப் பிடிப்பதுபோல், இதற்கு 30 மில்லிநொடி, அதற்கு 30 மில்லிநொடி. ஆகவே அலைவரிசை மட்டும் தட்டினால் போதாது. எந்தக் குடம் என்று சொல்ல வேண்டும், கலர் கோடு சொல்ல வேண்டும் (பெயரில்தான் கலர், உண்மையில் 0 முதல் 15க்குள் ஒரு எண்), பேசும் குழுவின் எண்ணும் சொல்ல வேண்டும். கைபேசி உலகில் இந்தியாவின் குறியீடுகளில் ஒன்று 404. ஹாம்களின் டிஎம்ஆர் வலையிலும் இந்தியக் குழுவுக்கு அதே 404.

அந்த வலையின் பேச்சை வீட்டுக்குள் அலையாக்கித் தர நான் வைத்திருக்கும் சிறு ஹாட்ஸ்பாட்டை ஸ்கேனரில் ஏற்றிய அன்று ஒரு மாலை முழுக்கப் போனது. சிக்னல் கட்டங்கள் நிறைந்திருந்தன, குரல் இல்லை. ஆன்டெனாவைக் கழற்றி மாட்டினேன், பேட்டரியை மாற்றினேன். கடைசியில் பார்த்தால் ஹாட்ஸ்பாட்டில் கலர் கோடு 7, ஸ்கேனரில் 1. பழைய எஃப்எம்மில் எண் கொஞ்சம் தப்பினாலும் கரகரப்போடு ஏதோ கேட்கும், அந்தக் கரகரப்பே நம்மைச் சரியான இடத்துக்குக் கூட்டிப் போகும். டிஜிட்டலில் தப்புக்கு மௌனம் மட்டுமே பதில். காது உதவாது, எழுதி வைத்த நோட்டுதான் உதவும்.

அதனால் கோடு போட்ட நோட்டு ஒன்றை வைத்திருக்கிறேன். எண், கலர் கோடு, குடம், குழு, தேதி என்று பத்திகள். பழைய பக்கமொன்றில் ஹாம்சாட் இருக்கிறது. ஹாம்களுக்காக இஸ்ரோ 2005 மே 5 அன்று பிஎஸ்எல்வி-சி6இல் அனுப்பிய 42.5 கிலோ செயற்கைக்கோள். அந்த வரிக்குப் பக்கத்தில் "2014 ஜூலை, நின்றுவிட்டது" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அதை அடிக்கவில்லை.

ஜூலை 3 சாயங்காலம் 145.795க்கு வந்தபோது ஸ்கேனரைப் பையன் கையில் கொடுத்தேன். ஒவ்வொரு எண்ணையும் வாயால் சொல்லிக்கொண்டே தட்டினான். தட்டி முடித்து, நோட்டை இழுத்து அந்த வரியைத் தன் கையெழுத்தில் எழுதிவிட்டு, கலர் கோடு பத்தியில் என்ன போடுவது என்று கேட்டான். இது எஃப்எம், காலியாக விடு என்றேன்.