இலங்கைப் பொலிஸில் பெண் உயரதிகாரிகள்

இலங்கைப் பொலிஸ் சேவையில் பிரதிப் பொலிஸ் மா அதிபர் பதவியை எட்டிய முதல் பெண் பிம்ஷானி ஜாசிங்ஆராச்சி. 2020இல் தேசிய பொலிஸ் ஆணைக்குழு அவரை அப்பதவிக்கு உயர்த்தியபோது சேவைக்கு வயது 154. பெண்கள் அதில் சேரத் தொடங்கியே 68 ஆண்டுகள் கடந்திருந்தன. சில மாதங்களுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட ஆண் அதிகாரிகள் அந்த நியமனத்தை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்றனர். அவருடைய பணிவாழ்வு நாட்டுக்கு வெளியேயும் பேசப்பட்டதற்குப் பதவியைவிட இந்த வழக்கே காரணம்.

பின்னணி

1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச்சட்டத்தின் கீழ், 1866 செப்டெம்பர் 3ஆம் திகதி இன்றைய பொலிஸ் சேவை தொடங்கியது. அதன் தலைமையில் இருந்தவர் ஜி. டபிள்யூ. ஆர். கெம்பெல். 1947இல் சேர் ரிச்சர்ட் அலுவிகாரை முதல் இலங்கையராகப் பொலிஸ் மா அதிபர் ஆனார். அவர் காலத்தில், 1952இல், பெண்கள் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டனர். பெண்ணைச் சோதனையிடுவதானால் இன்னொரு பெண்தான் சோதனையிட வேண்டும், அதுவும் கண்ணியம் கெடாமல் என்று குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் சொல்கிறது. சந்தேகநபர் பெண்ணாக இருந்தால் உடன் செல்லவும், தாயைப் பிரிந்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும், பாலியல் வன்முறைக்கு ஆளானவரிடம் வாக்குமூலம் எடுக்கவும் பெண் அதிகாரி தேவைப்பட்டார். சேவைக்குள் பெண்களைக் கொண்டுவந்தது இந்தத் தேவை. பின்னர் அவர்களை ஓர் எல்லைக்குள் நிறுத்தி வைத்ததும் இதுவே. "பெண்கள் சம்பந்தப்பட்ட வேலைக்கு" எடுக்கப்பட்டவர்களுக்கு ஒரு பொலிஸ் பிரிவையோ மாவட்டத்தையோ ஒப்படைக்கலாம் என்ற எண்ணம் நிர்வாகத்துக்கு வரப் பல தசாப்தங்கள் பிடித்தன.

பதவிப்படி நீளமானது. கான்ஸ்டபிள், சார்ஜன்ட், உப பொலிஸ் பரிசோதகர், பொலிஸ் பரிசோதகர், பிரதான பொலிஸ் பரிசோதகர் என்று ஏறி, அத்தியட்சகர் தரங்கள் மூன்றைக் கடந்தால்தான் பிரதிப் பொலிஸ் மா அதிபர். அதற்கு மேல் சிரேஷ்ட பிரதிப் பொலிஸ் மா அதிபர், உச்சியில் பொலிஸ் மா அதிபர். ஆளணிப் பட்டியலில் பெண்களுக்கான இடங்கள் தனியாக ஒதுக்கப்பட்டிருந்தன. மேலே போகப் போக அந்த இடங்கள் குறைந்து, சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகரோடு நின்றுபோயின. தகுதி இருந்தாலும் ஏறுவதற்கு அடுத்த படி எழுதப்பட்டிருக்கவில்லை.

பணியும் பதவி உயர்வும்

ஜாசிங்ஆராச்சி 1990களின் பிற்பகுதியில் சேவையில் சேர்ந்தவர். யுத்த காலத்தையும் அதற்குப் பிந்திய ஆண்டுகளையும் சீருடையில் கழித்து, சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகர் வரை வந்தார். அந்தத் தரத்திலிருந்து அடுத்த படிக்கு உயர்த்தும் அதிகாரம், 2001இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 17ஆவது திருத்தம் உருவாக்கிய தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடம் இருந்தது. ஆணைக்குழு ஒப்புதல் அளித்தது. 2020இல் அவர் பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஆனார்.

அவருக்குப் பின் அதே தரத்துக்கு வந்தவர்களில் ரேணுகா ஜயசுந்தர குறிப்பிடத்தக்கவர். சிறுவர், பெண்கள் துஷ்பிரயோகத் தடுப்புப் பணியகம் அவர் பொறுப்பில் இருந்தது. தரம் உயர்ந்த பிறகும் பெண் அதிகாரியைத் தேடி வரும் பொறுப்பு பெரும்பாலும் அந்தத் திசையிலிருந்தே வருகிறது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும்.

வழக்கு

2021 பெப்ரவரியில் ஆண் அதிகாரிகள் அடிப்படை உரிமை மீறல் மனுவொன்றைத் தாக்கல் செய்த செய்தி வெளியானது. பிரதிப் பொலிஸ் மா அதிபர் பற்றிய விதிகள் ஆணையே குறிப்பிடுகின்றன, ஆகவே அப்பதவிக்குப் பெண்ணை நியமிக்க இடமில்லை என்பது அவர்களின் வாதத்தின் மையம். இந்த நியமனத்தால் தங்கள் பதவி உயர்வு வாய்ப்பு பாதிக்கப்பட்டது என்றும் அவர்கள் முறையிட்டனர்.

முதல் வாதத்தைச் சற்று நீட்டிப் பார்த்தால் அது எவ்வளவு பலவீனமானது என்பது விளங்கும். 19ஆம் நூற்றாண்டின் பொலிஸ் கட்டளைச்சட்டம் அதிகாரி ஒவ்வொருவரையும் "அவன்" என்ற பொருளில்தான் பேசுகிறது. அந்தச் சொல் பெண்ணை விலக்குமென்றால் 1952 முதல் பெண் கான்ஸ்டபிள்கள் செய்த கைதுகளும் எடுத்த வாக்குமூலங்களும் என்ன ஆவது? ஆண்பால் சொல் பெண்ணையும் உள்ளடக்கும் என்ற பொதுவிதியை 1901ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பொருள்கோடல் கட்டளைச்சட்டம் முன்பே வகுத்து வைத்திருக்கிறது. அரசியலமைப்பின் 12ஆவது உறுப்புரை பால் அடிப்படையிலான பாரபட்சத்தைத் தடுப்பதோடு, பெண்களின் முன்னேற்றத்துக்கான விசேட ஏற்பாடுகளுக்கும் இடம் விடுகிறது.

இரண்டாவது முறைப்பாட்டை அப்படித் தள்ளிவிட முடியாது. ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை என்று சேவையே பிரித்து வைத்திருந்த நிலையில், யாருக்கு யார் மூத்தவர் என்ற கேள்வி எழத்தான் செய்யும். கோளாறு பெண் அதிகாரியிடம் இல்லை, இரட்டை வரிசையில் இருக்கிறது. மனுதாரர்கள் வரிசையை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டோடு ஓர் ஒப்பீடு

கடல் தாண்டிப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். தமிழ்நாட்டில் பெண் காவலர்கள் சேர்க்கப்பட்டது 1973இல், இலங்கைக்கு 21 ஆண்டுகள் பின்னால். ஆனால் இந்தியக் காவல் பணி அதிகாரிகளுக்கு ஆண், பெண் என்ற தனித்தனி மூப்புப் பட்டியல் கிடையாது. 1976ஆம் ஆண்டுத் தொகுதியில் அப்பணிக்கு வந்த திலகவதியும் லத்திகா சரணும் ஆண்களோடு ஒரே பட்டியலில் நின்றே உயர்ந்தனர். லத்திகா சரண் 2006இல் சென்னை மாநகரக் காவல் ஆணையராகவும், 2010 ஜனவரியில் தமிழ்நாட்டின் முதல் பெண் காவல்துறைத் தலைமை இயக்குநராகவும் ஆனார்.

அவர் நியமனமும் நீதிமன்றம் போனது. மூத்த ஆண் அதிகாரி ஒருவர் தொடர்ந்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2010 ஒக்டோபரில் நியமனத்தை ரத்துச் செய்தது. மாநிலக் காவல் தலைவரைத் தேர்ந்தெடுப்பதற்கு இந்திய உச்ச நீதிமன்றம் 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் வகுத்த நடைமுறை பின்பற்றப்படவில்லை என்பதே காரணம். அந்த நடைமுறைப்படி பெயர்ப்பட்டியல் தயாரான பின் நவம்பரில் அவரே மீண்டும் நியமிக்கப்பட்டார். அங்கே கேள்வி நடைமுறை பற்றியது; பெண் அப்பதவியில் அமரலாமா என்று யாரும் கேட்கவில்லை. கொழும்பில் அதைத்தான் கேட்டார்கள்.

வெலிமடையிலிருந்து பார்க்கையில்

கொழும்பில் நடந்த இந்தப் பதவி வழக்கு மலையகத்துப் பெண்ணுக்கு என்ன என்பதை ஊவாவின் வெலிமடையிலிருந்து பார்க்கலாம். ஊவா மாகாணத்துப் பொலிஸ் ஒரு சிரேஷ்ட பிரதிப் பொலிஸ் மா அதிபரின் கீழ் இயங்குகிறது. பதுளை மாவட்டத்து வெலிமடைப் பொலிஸ் நிலையம் பண்டாரவளைப் பிரிவுக்குள் அடங்கும். 2012 கணக்கெடுப்பின்படி பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழர். அவர்களில் பெரும்பாலானோர் தோட்டங்களைச் சேர்ந்தவர்கள். மாவட்டத்தின் பல பிரதேச செயலாளர் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டவை.

தோட்டத்து லய வீட்டில் அடி வாங்கும் பெண்ணுக்குப் பொலிஸ் என்பது முதலில் ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, இழப்பது. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போகாமல் மலையிலிருந்து இறங்கி, பஸ் பிடித்து டவுனுக்கு வர வேண்டும். தனியாக வருவதில்லை, தோட்டத் தலைவரோ சொந்தக்காரர் ஒருவரோ கூட வருவார், முக்கியமாகச் சிங்களம் பேசுவதற்கு. "என்ட்ரி போடுவது" என்று எல்லோரும் சொல்லும் அந்த முறைப்பாடு, அவள் தமிழில் சொல்ல, தலைவர் சிங்களத்தில் திருப்ப, சிங்களத்தில் எழுதப்படுகிறது. எழுதியதை வாசிக்கத் தெரியாமலேயே அவள் கையெழுத்து வைக்கிறாள். தலைவர் அடித்தவனுக்கு மாமனோ மச்சானோ ஆக இருந்தால் அந்த மொழிபெயர்ப்பில் எது விடுபடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எதிரில் அமர்ந்திருப்பவர் பெண் அதிகாரியாக இருந்தால் கூச்சம் குறையும், மொழிச் சுவர் அப்படியே இருக்கும். தமிழ் தெரிந்த பெண் அதிகாரி ஒருவர் அந்த மேசையில் இருந்தால் தலைவரை வெளியே உட்காரச் சொல்லலாம்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர் சார்பில் பொலிஸ் அதிகாரியே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அந்த வழியைப் பயன்படுத்துவதா, "குடும்ப விஷயம், பேசித் தீருங்கள்" என்று திருப்பி அனுப்புவதா என்பது மேசையில் இருப்பவரின் கையில். அவரை அங்கே நியமிப்பதும், கணக்குக் கேட்பதும் மேல் தரத்தினரின் வேலை. பிரதிப் பொலிஸ் மா அதிபர் பதவியில் யார் அமர்கிறார் என்பது தோட்டத்துப் பெண்ணைத் தொடும் இடம் இதுதான்.

ஊவாத் தமிழருக்குப் பொலிஸின் மேல் உள்ள அவநம்பிக்கைக்கு வரலாறும் உண்டு. 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், பொலிஸார் காவலுக்கு நிற்கையிலேயே, 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களை ஒரு கும்பல் கொன்றது. 2021இல் கொழும்பில் வீட்டு வேலைக்கு இருந்த, டயகமவைச் சேர்ந்த சிறுமி ஒருவர் தீக்காயங்களோடு இறந்ததும், 2023 மே மாதத்தில் பதுளையைச் சேர்ந்த வீட்டுப் பணிப்பெண் ஒருவர் வெலிக்கடைப் பொலிஸ் காவலில் இருந்தபோது உயிரிழந்ததும் அந்தப் பழைய புண்ணைக் கிளறின. இவற்றில் கடைசி இரண்டு சம்பவங்களும், முதல் பெண் பிரதிப் பொலிஸ் மா அதிபர் நியமிக்கப்பட்ட பின் நிகழ்ந்தவை. தலைமையில் ஒரு பெண் வந்தவுடன் காவலறை மாறிவிடாது.

ஆட்சேர்ப்பு

உயர் தரங்களில் தமிழ்ப் பெண்கள் வர வேண்டுமானால் அடித்தரங்களில் அவர்கள் இருக்க வேண்டும். கல்வித் தகுதி இன்று தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு எட்டாத தூரத்தில் இல்லை. வெலிமடை, பண்டாரவளை, பதுளைப் பாடசாலைகளிலிருந்து உயர்தரம் முடித்து வெளியேறும் மாணவிகள் பலர் ஆசிரியர் தொழிலையோ கொழும்பில் கடை வேலையையோ தேடுகின்றனர். பொலிஸ் அவர்களின் பட்டியலிலேயே இருப்பதில்லை. பெற்றோரின் தயக்கம் ஒரு காரணம், பயிற்சியில் மொழி இன்னொன்று. மூன்றாவது தடை அதிகம் பேசப்படாதது: உயரம். சேவைக்குக் குறைந்தபட்ச உயர அளவு உண்டு. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் 17.3 வீதம், தோட்டத் துறையில் 31.7 வீதம். அந்தப் பிள்ளைகளில் பெண்கள் விண்ணப்பப் படிவம் நிரப்பும் வயதுக்கு வரும்போது, பல தலைமுறைப் போசாக்குக் குறைவு அவர்களோடு அளவுகோலின் முன்னால் வந்து நிற்கும். ஆளணிப் பட்டியலைத் திருத்துவது ஆணைக்குழுவின் ஒரு தீர்மானத்தில் முடியலாம். இந்த உயரத் தடையை நீக்க, தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளை மடுவத்திலிருந்தே தொடங்க வேண்டும்.