புளித்த மண்

நிலத்தின் குற்றங்களைச் சொல்லத் தமிழில் வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை. களர் என்கிறோம், உவர் என்கிறோம். ஆனால் மண் புளித்துப் போயிற்று என்று காவாந்தண்டலத்துக் குடியானவர் யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தை அடித்துக்கொண்டு போகும்படியான மழை செய்யாற்றங்கரையில் பெய்வதில்லை. அதனால் அந்தக் கவலையும் இல்லை.

புளிப்பின் சரித்திரத்தை அறிய இங்கிலாந்துக்குத்தான் போகவேண்டும். லண்டனுக்கு வடக்கே ராத்தம்ஸ்டெட் என்ற இடத்தில் ஜான் லாஸ் என்றொரு மிராசுதார் இருந்தார். 1842-ல் சூப்பர் பாஸ்பேட் உரத்துக்குக் காப்புரிமை பெற்று, ஆலை வைத்துப் பணம் சேர்த்தவர். 1856-ல் அவரும் ரசாயன நிபுணர் கில்பர்ட்டும் சுமார் 7 ஏக்கர் புல்வெளியைப் பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் உரம் இட்டார்கள். எதற்குப் புல் அதிகம் விளைகிறது என்பதே கேள்வி.

புல் வேறு பதிலும் சொல்லிற்று. அம்மோனியம் உப்புப் போட்ட பாத்திகளில் மண் வருஷத்துக்கு வருஷம் புளித்தது. குளோவர் முதலிய பயறு வகைப் பூண்டுகள் மறைந்தன. மண்புழு போயிற்று. செத்த புல் மக்காமல் கம்பளம்போல் மேலே படிந்தது. ஒன்றுமே போடாத பாத்தியிலோ ஏறக்குறைய 40 வகைச் செடிகள்! உரம் விற்றவர் தம் காசிலேயே உரத்துக்கு எதிராக ஒரு சாட்சியை வளர்த்துவிட்டார். அந்த நாணயத்துக்கு ஒரு கும்பிடு போடலாம்.

1903-ல் பெரும்பாலான பாத்திகளில் பாதிப் பங்குக்குச் சுண்ணாம்பு இட ஆரம்பித்தார்கள். லாஸும் கில்பர்ட்டும் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. சுண்ணாம்பு கண்ட பக்கத்தில் பலவகைப் புல்லும் பூண்டும் தழைத்தன. புளிப்பு முற்றிய பக்கத்தில் நின்றவை இரண்டு மூன்று வகைகளே.

காரணம் இதுதான். புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேரைக் குட்டையாக்குகிறது. மணிச்சத்து கட்டுண்டு கிடக்கிறது. குளோவரின் வேர் முடிச்சில் வாழும் நுண்ணுயிர் நலிகிறது. குளோவர் போய்விட்டால் மேய்ச்சலில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்துவிடும். வயிறு நிரம்பும், பால் சுரக்காது.

நம் நாட்டிலும் இப்படி ஓரிடம் உண்டு: நீலகிரி. அங்கே மழை சுண்ணாம்பைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. மலையில் சுண்ணாம்புப் பாறையும் கிடையாது. சாண்டிநல்லாவில் 1955-ல் ஏற்பட்ட ஆட்டுப் பண்ணையைச் சுற்றியுள்ள மேய்ச்சல் நிலமும் புளிப்பு மண்தான். அங்கே குளோவர் செழிக்க வேண்டுமானால் சுண்ணாம்பு மூட்டை சமவெளியிலிருந்து மலையேற வேண்டும்.

அதைக் கேட்டுக் காவாந்தண்டலத்துக்காரர் தம் களர் நிலத்தில் சுண்ணாம்பைக் கொட்டிவிடக் கூடாது. களருக்கு வேண்டியது ஜிப்சமும் தழையுரமும், உப்பு வடியக் கால்வாயும். சுண்ணாம்பு போட்டால் இருக்கிற இரும்பும் துத்தநாகமும்கூடப் பயிருக்கு எட்டாமல் போய்விடும்.