ஜோடி கிடைக்காத சேவல்

கொங்குச் சேவற்கட்டில் சண்டையை விடப் பெரிய வேலை சண்டைக்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. ‘ஜோடி போடுவது’ என்று அதற்குப் பெயர். இரண்டு பேர் தத்தம் சேவலை அக்குளில் இடுக்கியபடி எதிரெதிரே நிற்பார்கள். ஒருவர் சேவலை மற்றவர் பார்வையால் அளப்பார். நெஞ்சுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தூக்கிப் பார்ப்பதும் உண்டு. அங்கே தராசு கிடையாது, கைதான் எடைக்கல். கால் உயரம், கழுத்து நீளம், நெஞ்சு அகலம், வயது எல்லாம் ஒத்துவந்தால் கட்டு. ஒத்துவரவில்லை என்றால் மனத்தாங்கல் எதுவும் இல்லாமல் அவரவர் சேவலோடு அடுத்த ஆளைத் தேடி நகர்ந்துவிடுவார்கள்.

திருப்பூரிலிருந்து தென்கிழக்கே காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர் என்று போகப் போகப் பனியன் கம்பெனிகளின் நெரிசல் குறைந்து மேட்டுக்காடுகள் வருகின்றன. மாவட்ட எல்லையைத் தாண்டினால் கரூர் மாவட்டத்தின் அரவக்குறிச்சி வட்டாரம். அங்கிருக்கும் பூலாம்வலசு, பொங்கல் சேவற்கட்டுக்குத் தமிழகம் முழுக்கப் பெயர் போன ஊர். ‘வலசு’ என்று முடியும் ஊர்ப்பெயரே அது கொங்கு மண் என்று சொல்லிவிடும். தறியும் தையல் மெஷினும் நிற்கும் பொங்கல் நாட்கள்தான் இங்கே சேவலுக்கும் உரிய நாட்கள்.

ஜோடி போடுவதற்குப் பின்னால் ஒரு கேள்வி இருக்கிறது: ஒரு போட்டியாளரை ‘அளவுக்கு மீறிய வலு உடையது’ என்று எதை வைத்து முடிவு செய்வது? இன்று இந்தக் கேள்வியை அதிகம் கேட்பவர்கள் போக்கிமான் என்ற வீடியோ கேமின் இரட்டையர் ஆட்டம் ஆடும் இளைஞர்கள். எல்லோரும் தேர்ந்தெடுக்கும் ஓர் உயிரினத்தை ‘ஓபி’ (ஓவர்பவர்டு) என்ற இரண்டெழுத்தில் குற்றம் சாட்டிவிடுவார்கள். ஆனால் தமிழில் இந்தக் கேள்விக்கு நெடிய வரலாறு உண்டு. அதில் கவனிக்க வேண்டியது, வலு எங்கே இருக்கிறது என்பதற்கு ஒவ்வொரு காலமும் வெவ்வேறு இடத்தைச் சுட்டியிருக்கிறது என்பதுதான்.

முதல் விடை உறையூரில் கிடைக்கிறது. சோழர் தலைநகரான உறையூருக்குக் கோழி என்றும் பெயர். ஒரு சேவல் யானையோடு பொருது வென்ற இடம் என்பதால் அந்தப் பெயர் வந்தது என்ற கதையைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. யானையை ஒரு சேவல் வென்றதென்றால் அது மிகைவலு இல்லாமல் வேறென்ன? ஆனால் கதையில் வரும் சோழன் சேவலின் வலுவைப் பற்றி யோசிக்கவில்லை. இந்த மண்ணுக்கு ஏதோ வலிமை இருக்கிறது என்று முடிவு செய்து அங்கேயே நகரை அமைத்தான். வெற்றிக்குக் காரணம் நிலம்.

குறுந்தொகையின் 305ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. குப்பைமேட்டில் மூட்டிவிடுவாரும் விலக்கிவிடுவாரும் இல்லாமல் தாமாகவே பொருதிக்கொள்ளும் கோழிகளை உவமையாக்கியதால் குப்பைக் கோழியார் என்றே அவர் நிலைத்துவிட்டார். மூட்டுவதற்கு ஆள் இல்லாத சண்டையைத் தனித்துச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், ஆள் வைத்து மூட்டி, ஆள் வைத்து விலக்கிய சண்டையும் அந்தக் காலத்தில் வழக்கத்தில் இருந்திருக்க வேண்டும். போட்டி என்ற ஏற்பாடு சங்க காலத்திலேயே உருவாகிவிட்டது என்பதற்கு இந்த உவமையை ஒரு சான்றாகவே கொள்ளலாம்.

அடுத்த சான்று கல்லில் இருக்கிறது. விழுப்புரம் பகுதியின் அரசலாபுரத்திலும் செங்கல்பட்டுப் பகுதியின் இந்தளூரிலும் சேவலுக்கு எடுத்த நடுகற்கள் கிடைத்துள்ளன. தமிழ் பிராமி வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலத்து எழுத்துகள் அவற்றில் உள்ளன. அரசலாபுரம் கல்லை ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். போரில் விழுந்த வீரனுக்குச் செய்த மரியாதை ஒரு பறவைக்குக் கிடைத்திருக்கிறது. இந்தளூர்ச் சேவலின் பெயர் பொற்கொற்றி. அது கீழ்ச்சேரிக் கோழி. அரசலாபுரத்துச் சேவல் முகையூர் மேற்சேரிக்காக ஆடியது. இரண்டு கற்களுமே பறவையைச் சேரியோடு சேர்த்துத்தான் சொல்கின்றன. வளர்த்தவர் பெயரை விட அது யார் பக்கம் நின்றது என்பதே கல்வெட்டுக்கு வேண்டியிருந்தது. மண்ணில் இருந்த வலு இப்போது பெயருள்ள ஒரு பறவைக்கும் அதன் பின்னால் நின்ற ஊருக்கும் வந்துவிட்டது.

ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையில் யானை, குதிரை, தகர் (ஆட்டுக்கடா), பூழ் (காடை) எனப் பலவற்றின் வெற்றிக்கும் தனித்தனித் துறை உண்டு. அவற்றில் ஒன்று கோழி வென்றி. சேவல் எப்படிப் பாய்ந்தது, எப்படி எறிந்தது என்று வெண்பா வருணிக்கிறது. போகிற போக்கில் அது இன்னொன்றும் சொல்கிறது: அந்தச் சேவலைக் களத்தில் விட்டவர்கள் அதன் நிறத்தை ஆராய்ந்து பார்த்த வித்தகர்கள். தேர்வு செய்வது ஒரு கலை, அதற்கென்று வல்லுநர்கள் உண்டு என்பது இங்கே பதிவாகிவிடுகிறது. ‘இந்த நிறம் வெல்லும்’ என்று முன்கூட்டியே சொல்லும் ஆள் களத்துக்குள் வந்துவிட்டார்.

நிறத்தோடு சேர்ந்து வந்தது நேரம். பகலில் காக்கை தன்னை விட வலிய கூகையை வெல்லும் என்பது காலமறிதல் அதிகாரத்தின் முதல் குறள் சொல்லும் செய்தி. பிற்காலப் பஞ்சபட்சி சாத்திரம் இந்த எண்ணத்தைக் கணக்காகவே போட்டுவிட்டது. வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்று ஐந்து பட்சிகள். ஊண், நடை, அரசு, துயில், சாவு என்று ஐந்து தொழில்கள். பகலின் 30 நாழிகை 6 நாழிகை வீதம் ஐந்து சாமங்களாகப் பிரிகிறது, இரவும் அப்படியே. ஒவ்வொரு சாமத்திலும் ஒரு பட்சி அரசில் இருக்கும். இன்னொன்று சாவில் கிடக்கும். வளர்பிறைக்கு ஒரு வரிசை, தேய்பிறைக்கு வேறு வரிசை. சேவலின் இறகு நிறத்தை இந்த ஐந்தில் ஒன்றோடு பொருத்தி, இன்று இந்தச் சாமத்தில் எதை விடலாம் என்று பார்ப்பது சேவற்கட்டுக்காரர்களிடம் வழக்கம்.

இதைக் கணிப்பு என்று ஏற்க வேண்டியதில்லை. ஆனால் இதன் அமைப்பைக் கூர்ந்து பார்த்தால் ஒரு நுட்பம் தெரியும். எந்தப் பட்சியும் நிரந்தரமாக அரசில் இருக்க முடியாது. காலையில் கொடிகட்டிப் பறந்தது மாலையில் தூங்கும். ‘எப்போதும் வெல்லும் ஒன்று’ என்ற எண்ணத்துக்கே அந்தக் கட்டத்தில் இடம் வைக்கவில்லை.

வல்லுநர் கண்ணும் தவறும். வெற்றிமாறன் இயக்கி 2011இல் வெளிவந்த ‘ஆடுகளம்’ படத்தின் முழுக் கதையும் இந்தத் தவறிலிருந்துதான் கிளம்புகிறது. மதுரை வட்டாரத்தில் சேவல் கட்டுவதில் ஈடு இணையற்ற பேட்டைக்காரன், ஒரு சேவல் தேறாது, அறுத்துவிடு என்று தம் சீடன் கருப்பிடம் சொல்கிறார். கருப்பு அறுக்கவில்லை. அதே சேவல் களத்தில் அடுத்தடுத்து வெல்கிறது. ஈழக் கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலன் பேட்டைக்காரனாக நின்ற அந்தக் காட்சிகளில், தோற்றது எதிரணிச் சேவல்களோடு அவருடைய மதிப்பீடும்தான்.

திருப்பூரில் செக்கிங் மேசையில் நிற்பவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு பீஸில் ஊசிக்கோடு தெரிந்தால் அந்தப் பீஸை ஒதுக்குவதோடு வேலை முடிவதில்லை. கோளாறு ஊசியிலா, நூலிலா, சாயத்திலா என்று பின்னோக்கிப் போக வேண்டும். ஒரு பீஸ் நன்றாக வந்ததால் லாட் முழுவதும் நன்று என்றும் எழுதிவிட முடியாது. சேவலின் வெற்றியும் அப்படித்தான். இனமா, தீவனமா, பழக்கிய கையா, எதிரே வந்த சேவலின் சோர்வா என்று பிரித்துப் பார்க்காமல் வெற்றியை மட்டும் எண்ணினால் எதையும் நிறுவ முடியாது.

இந்தச் சிக்கலுக்குக் களத்து மக்கள் கண்ட விடைதான் ஜோடி. கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1958இல் பாலித் தீவில் தங்கிப் பார்த்த சேவற்சண்டைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கும் ஆட்கள் குந்தி உட்கார்ந்து பொருத்தமான எதிரியைத் தேடுகிறார்கள். ஒரு சேவல் சற்று உயர்ந்ததாகத் தெரிந்தால் அதன் கால் முள்ளைக் கொஞ்சம் சாதகம் குறைவான கோணத்தில் கட்டிச் சமன் செய்கிறார்கள். வலுத்ததை விலக்கி வைக்காமல் அதன் ஆயுதத்தில் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறார்கள். தமிழகத்தில் கத்திக்கட்டு, வெற்றுக்கால் என்று இரு வகை. வெற்றுக்கால் சண்டை நீளும்; இடைவேளை விட்டுத் தண்ணீர் காட்டித் திரும்ப விடுவார்கள். அங்கே தெம்பும் இனமும் பழக்கமும் பேசும். கத்திக்கட்டில் ஒரே வீச்சில் முடிந்துவிடலாம். எளியது வலியதை வீழ்த்தும் வாய்ப்பு அதில் அதிகம். கத்தி கொடுமையைக் கூட்டியது. அதோடு சேவலின் வலுவுக்கு இருந்த மதிப்பையும் குறைத்தது. தோற்ற சேவல் ‘கோச்சை’ ஆகி வென்றவர் கைக்குப் போய்விடும்.

இனி போக்கிமானுக்கு வரலாம். 2003இல் கார்ட்டூன் நெட்வொர்க் வழியாக இந்தியத் தொலைக்காட்சிக்கு வந்த அந்தக் கதைக்கு மூலமான வீடியோ கேமுக்கு 2009 முதல் அதிகாரபூர்வ உலகப் போட்டி உண்டு. அது இரட்டையர் ஆட்டம். ஆறு உயிரினங்களோடு வருபவர் நான்கைத் தேர்ந்தெடுக்கிறார். களத்தில் ஒரே சமயத்தில் இரண்டு நிற்கும். ஒவ்வொன்றுக்கும் வலுவை எண்ணாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். உயிர், தாக்குதல், தற்காப்பு, வேகம் முதலிய ஆறு அளவுகளைக் கூட்டினால் பச்சிரிசு என்ற அணிலுக்கு 405. இன்சினரோர் என்ற புலிக்கு 530. செர்னியஸ் என்ற புராண மானுக்கு 680. ஆதிவடிவக் குரோடானுக்கு 770. உள்ளங்கையில் எடை பார்க்க வேண்டியதே இல்லை. அப்படியிருந்தும் சண்டை ஓயவில்லை.

காரணம் இன்சினரோர். 530 என்பது நடுத்தர எண். வேகமோ வெறும் 60. இருந்தும் 2018 முதல் அது பங்கேற்க முடிந்த காலமெல்லாம் அதிகம் தேர்ந்தெடுக்கப்படுபவற்றில் அது ஒன்றாக இருந்துவருகிறது. அது களத்துக்கு வந்து நின்றாலே எதிரே நிற்கும் இரண்டின் தாக்குதலும் மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். வந்த முதல் சுற்றில் எதிரி ஒன்றைத் தட்டி அசையவிடாமல் செய்யவும் அதற்கு முடியும். ஒற்றையர் ஆட்டத்தில் அந்தத் தட்டு பெரிதாக ஒன்றும் தராது. இரட்டையரில் எதிரி உறைந்து நிற்கும் அதே நொடியில் பக்கத்துக் கூட்டாளி தன் வேலையை முடித்துக்கொள்ளும். இன்சினரோரின் வலு இன்சினரோரிடம் இல்லை. பக்கத்தில் நிற்பதிடம் இருக்கிறது. தனித்தனியாகப் பட்டியல் போட்டு வலுவை அளப்பவர்கள் தொடர்ந்து சறுக்கும் இடம் இதுதான்.

2014இல் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டி இதற்கு ஒரு தெளிவான சோதனை. தென்கொரியாவின் செஜுன் பார்க், யாரும் சீந்தாத 405 எண் பச்சிரிசுவை அணியில் வைத்துச் சாம்பியன் ஆனார். அவருடைய முதன்மைத் தாக்குதலாளி கயாரடோஸுக்கு மின்சாரம் ஆகாது. பச்சிரிசுவோ மின்சாரத்தை உறிஞ்சிக்கொள்வது. எதிரிகளின் அடியைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளவும் வல்லது. அதன்பின் பச்சிரிசுவை ‘ஓபி’ என்று யாரும் சொல்லவில்லை, சரியாகவே. இரண்டு ஆண்டு கழித்து 2016இல் எங்கும் குரோடான்–செர்னியஸ் ஜோடிதான். அந்த ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் வென்ற வுல்ஃப் கிளிக், கயோகர், ரேக்வாசா என்ற வேறு இரண்டைக் கொண்டு வந்திருந்தார். அதிகம் பயன்படுவது வேறு, அதிகம் வெல்வது வேறு, பதிலே இல்லாதது வேறு. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி வாதங்கள் வீணாகின்றன.

சேவற்கட்டோடு வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு பளிச்சென்று படும். போக்கிமானிலும் ஆட்டத்துக்கு முன் எதிராளியின் ஆறையும் கண்ணால் பார்க்கலாம். ஆனால் ‘ஒத்துவரவில்லை’ என்று சொல்லித் திரும்பிப் போக முடியாது. யாரோடு யார் என்பதைப் போட்டி அமைப்பு முடிவு செய்துவிடுகிறது. மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில்தான் கட்டுப்பாட்டுப் பட்டியல் தேவைப்படுகிறது. செர்னியஸ் போன்றவற்றை 2016 உலகப் போட்டியில் ஓர் அணிக்கு இரண்டு வரை விட்டார்கள், 2024இல் ஒன்று, 2025இல் மறுபடி இரண்டு. இடைப்பட்ட பருவங்களில் அறவே இல்லாமலும் ஆடியிருக்கிறார்கள். பட்சி சாத்திரம் சாமத்துக்குச் சாமம் அரசை மாற்றிய அதே வேலையைப் பருவத்துக்குப் பருவம் மாறும் விதிகள் செய்கின்றன. இன்சினரோரோ செர்னியஸ் போன்றவை இருக்கும் அந்தக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லை. அது சரியான முடிவு. எல்லோரிடமும் இருப்பது சலிப்பூட்டலாம். அதற்கு விடை இருக்கும்வரை அதை அளவு மீறியது என்று சொல்வதற்கில்லை.

கொங்குக் களத்தில் பட்டியல் எதுவும் இல்லை. அங்கே மிகைவலுவின் அடையாளம் ஒன்றே ஒன்று: ஜோடி கிடைக்காமல் போவது. வெற்றிகளின் எண்ணிக்கை அதைக் காட்டாது. நாலு பேர் பார்த்து, தொட்டுத் தூக்கி, தலையாட்டி விலகிப் போனால் அந்தச் சேவல் தரத்தில் எங்கே நிற்கிறது என்று ஊருக்கே தெரிந்துவிடும். தோற்றவன் குமுறலாக வராமல், தோற்பதற்கு முன்பே, பணமும் பறவையும் பணயத்தில் இருக்கும் ஒருவன் நிதானமாக எடுத்த மதிப்பீடு அது. இதை விட நேர்மையான அளவுகோல் இந்த வரலாற்றில் வேறெங்கும் தென்படவில்லை.

அளவுகோல் நேர்மையானது என்பதால் சண்டை நேர்மையாகிவிடாது. ஜோடியில் சேவலின் சம்மதத்தை யாரும் கேட்டதில்லை. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் விலங்குகளை மோதவிடுவதைக் குற்றமாக்குகிறது. 2014 மே 7 அன்று ஜல்லிக்கட்டு வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை வலியுறுத்தியது. 2017இல் தமிழக அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தம் காளைகளுக்கானது; சேவல் அதில் இல்லை. ஆகவே ஒவ்வொரு பொங்கலுக்கும் மனுக்கள் உயர் நீதிமன்றம் போகின்றன. கத்தி கூடாது, பந்தயம் கூடாது, மது கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனைகளோடு சில ஊர்களுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது.

சண்டை இல்லாத ஒரு வழியும் வளர்ந்துவருகிறது. கிளிமூக்கு விசிறிவால் சேவல்களுக்குத் திண்டுக்கல் போன்ற ஊர்களில் கண்காட்சி நடக்கிறது. கொங்குப் பகுதிகளிலிருந்தும் வளர்ப்போர் அங்கே சேவல்களைக் கொண்டுபோகிறார்கள். அங்கே ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது. நடுவர்கள் மூக்கின் வளைவைப் பார்க்கிறார்கள், கண்ணைப் பார்க்கிறார்கள், வால் இறகு தரையில் எவ்வளவு தூரம் புரள்கிறது என்று குனிந்து பார்க்கிறார்கள்.