ஒரே பெயரில் இரு சொத்து

மோர்மன் சபையின் பிளவை ஆராய்வோர் பலரும் தீர்க்கதரிசனம், பலதாரமணம் என்பவற்றோடு நின்றுவிடுகின்றனர். வரலாறு படிப்பிக்கிறவன் என்ற முறையில் எனக்கென்னவோ கணக்குப் புத்தகத்தைப் புரட்டவே தோன்றுகிறது.

1830இல் அமெரிக்காவில் அச்சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித், 1841 முதல் அதன் சொத்துகளுக்குத் தனியொரு நம்பிக்கைப் பொறுப்பாளராகவும் இருந்தார். இலினோய் மாநிலத்து நாவூ நகரில் சபைக் காணி, சொந்தக் காணி, கடன் யாவும் அவர் பெயரில் பின்னிக் கிடந்தன. 1844 ஜூன் 27இல் கார்த்தேஜ் சிறைச்சாலையில் கும்பலொன்று அவரைச் சுட்டுக் கொன்றது. எது குடும்பத்துக்கு, எது சபைக்கு?

விதவை எம்மா அப்போது கர்ப்பிணி. பிள்ளைகளின் பங்கு கடனோடு அள்ளுண்டு போகுமென அஞ்சிய அவர், உள்ளூர்த் தலைவர் வில்லியம் மார்க்ஸ் பொறுப்பாளராவதை விரும்பினார். ஆனால் ஆகஸ்ட் 8ஆம் திகதிக் கூட்டம் சிட்னி றிக்டனை ஒதுக்கி, பிரிகம் யங் தலைமையிலான பன்னிருவரை ஏற்றது. பொறுப்பு நியூவெல் விட்னிக்கும் ஜோர்ஜ் மில்லருக்கும் போயிற்று. எம்மாவைப் பேராசைக்காரி என்றோரும் உண்டு. நான்கு பிள்ளைகளோடு வயிற்றிலும் ஒன்றைச் சுமந்தவர் வேறென்ன செய்வார்?

1846இல் யங் கூட்டத்தார் மேற்கே புறப்பட்டபோது எம்மா உடன்செல்லவில்லை. 1860இல் அவருடைய மகன் மூன்றாம் ஜோசப் ஸ்மித், மறுசீரமைக்கப்பட்ட சபையின் தலைவரானார்.

இதையெல்லாம் கண்ட யங் 1877இல் இறந்தபோதும் சபைச் சொத்து அவர் பெயரிலேயே கலந்திருந்தது. மதச்சபைகளின் காணிச் சொத்தை 50,000 டொலருக்குள் மட்டுப்படுத்திய 1862ஆம் ஆண்டுச் சட்டமும் இதற்கொரு காரணம். 1879இல் வாரிசுகள் சிலர் வழக்குத் தொடுத்தனர். சபை 75,000 டொலர் கொடுத்து இணக்கத்துக்கு வந்தது.