ஐந்தே ஐந்து கனவடிவங்கள்

திருச்சியிலிருந்து மதுரை செல்லும் நெடுஞ்சாலையில் விராலிமலையைத் தாண்டியதும் வரும் ஊர் கொடும்பாளூர். இங்குள்ள மூவர் கோயிலை, இருக்குவேளிர் குலத்துப் பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும், கற்றளி, வரகுணை என்னும் தன் தேவியர் பெயராலும் எடுப்பித்தான் என்பது கல்வெட்டுச் செய்தி. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள இக்கோயிலின் மூன்று விமானங்களுள் இரண்டே இன்று நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளம் மட்டும் எஞ்சியுள்ளது.

இவ்விமானங்கள் அடி முதல் சிகரம் வரை சதுரமானவை. சதுரச் சிகரத்தை நாகரம் என்றும், எண்கோணச் சிகரத்தைத் திராவிடம் என்றும், வட்டச் சிகரத்தை வேசரம் என்றும் சிற்ப நூல்கள் வகுக்கின்றன. சதுரத்தின் மூலைகளை அளவாக வெட்டினால் எண்கோணம் கிடைக்கும். அதன் மூலைகளையும் வெட்டினால் பதினாறு பக்கங்கள் கிடைக்கும். இவ்வாறு ஒழுங்குப் பலகோணங்களை வரைந்துகொண்டே போகலாம். அவற்றுக்கு முடிவே இல்லை.

அப்படியானால், ஒரே அளவுள்ள ஒழுங்குப் பலகோணங்களை முகங்களாகக் கொண்டு, ஒவ்வொரு முனையிலும் ஒரே எண்ணிக்கையில் முகங்கள் கூடுமாறு அமையும், உட்குழிவில்லாத கனவடிவங்களும் எண்ணற்றவை என்று தோன்றும் அல்லவா? ஆனால் அவை ஐந்தே ஐந்துதான்!

காரணத்தைக் காண்போம். ஒரு முனையில் குறைந்தது மூன்று முகங்கள் கூடவேண்டும். அங்குள்ள கோணங்களின் கூட்டுத்தொகை 360 பாகைக்குக் குறைவாக இருக்கவேண்டும். 360 ஆனால் தட்டையாகிவிடும். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை. ஆகவே மூன்று கூடினால் நான்முகி, நான்கு கூடினால் எண்முகி, ஐந்து கூடினால் இருபதுமுகி; ஆறு கூடினால் தட்டை. சதுரங்கள் மூன்று கூடினால் கனசதுரம். ஐங்கோணத்தின் கோணம் 108 பாகை. மூன்று கூடினால் பன்னிருமுகி. அறுகோணங்கள் மூன்றே 360 பாகை ஆகிவிடுகின்றன. இதற்கு மேல் வழியில்லை. கி.மு. 300ஐ ஒட்டி யூக்ளிட் எழுதிய 'மூலங்கள்' இவ்வைந்தையும் அமைத்துக் காட்டி, ஆறாவது இல்லை என்ற முடிவுடன் நிறைவுறுகிறது.

தளத்தில் கண்ட விதியைக் கனவடிவத்துக்கு அப்படியே ஏற்றலாகாது என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலும் ஒரு சான்று உண்டு. கி.பி. 499இல் ஆரியபட்டர் இயற்றிய ஆரியபட்டீயம், முக்கோணத்தின் பரப்பு அடிப்பக்கம், உயரம் இவற்றின் பெருக்கற்பலனில் பாதி எனச் சரியாகவே கூறுகிறது. அதே செய்யுள், ஆறு விளிம்புகளுள்ள திண்மத்தின், அதாவது நான்முகியின், கன அளவும் அடிப்பரப்பு, உயரம் இவற்றின் பெருக்கற்பலனில் பாதி என்கிறது. இது தவறு, மூன்றில் ஒரு பங்கு என்பதே சரி. முக்கோணத்தின் 'பாதி'யே இங்கும் வந்துவிட்டது என்று கருத இடமுண்டு.

கி.பி. 628இல் பிரம்மகுப்தர் கூம்பகத்துக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற சரியான விதியைத் தந்தார். ஆனால் மறு ஆண்டில் ஆரியபட்டீயத்துக்கு உரை எழுதிய முதலாம் பாஸ்கரர் பழைய விதியையே பின்பற்றினார். வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தை 3.1416 எனக் கணித்த மேதையின் சொல்லை யார்தான் எளிதில் ஐயுறுவர்?

இதை நீங்களே சோதிக்கலாம். ஒரே அடிப்பரப்பும் ஒரே உயரமும் உள்ள ஒரு முக்கோணக் கூம்பகத்தையும் ஒரு முக்கோணப் பட்டகத்தையும் அட்டையில் செய்யுங்கள். கூம்பகத்தில் மணலை நிரப்பிப் பட்டகத்தில் கொட்டுங்கள். அது நிரம்புவது இரண்டாம் முறையிலா, மூன்றாம் முறையிலா என்று எண்ணிப் பாருங்கள்.