பாமா (எழுத்தாளர்)

பாமா (பிறப்பு: மார்ச் 14, 1958) ஒரு தமிழ் எழுத்தாளர், பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றியவர். இயற்பெயர் பௌஸ்தினா மேரி பாத்திமா ராணி. 1992-இல் வெளிவந்த கருக்கு என்னும் தன்வரலாற்றுப் புதினத்தின் மூலம் அறியப்பட்டார். தமிழில் தலித் பெண் ஒருவர் எழுதிய முதல் தன்வரலாற்று நூலாக அது பரவலாகக் கருதப்படுகிறது. இவருடைய படைப்புகள் சொந்த ஊரிலும் இலக்கிய உலகிலும் கல்விப் புலத்திலும் வெவ்வேறு விதமான எதிர்வினைகளைச் சந்தித்துள்ளன.

வாழ்க்கைக் குறிப்பு

பாமா இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ள புதுப்பட்டியில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை சூசைராஜ் இந்தியத் தரைப்படையில் பணியாற்றியவர். எழுத்தாளரும் திறனாய்வாளருமான ராஜ் கௌதமன் (1950-2024) இவருடைய அண்ணன். படிப்பை முடித்துப் பள்ளி ஆசிரியரான பாமா, ஏழை மாணவர்களுக்குப் பணி செய்யும் நோக்கில் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். மடத்திலும் சாதிப் பாகுபாடு நிலவுவதைக் கண்டு, ஏழு ஆண்டுகளுக்குப் பின் 1992-இல் அதிலிருந்து வெளியேறினார். பின்னர் மீண்டும் ஆசிரியப் பணிக்குத் திரும்பினார்.

படைப்புகள்

பனைமட்டையின் இரு ஓரங்களிலும் அரம் போல் அமைந்த கூரிய பகுதியே கருக்கு எனப்படும். மடத்தை விட்டு வந்தபின் தன் இளமைக் காலத்தை நினைவுகூர்ந்து எழுதிய நூலுக்குப் பாமா இப்பெயரைச் சூட்டினார். கதைசொல்லிக்கு நூலில் பெயர் இல்லை. தெருவில் ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தைக் கையில் படாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிச் செல்வதைச் சிறுமி வேடிக்கையாகக் காண்கிறாள். தீண்டாமையே அதற்குக் காரணம் என்பதை அண்ணன் விளக்கிய பின்னரே புரிந்து கொள்கிறாள். நூலில் அதிகம் பேசப்பட்ட நிகழ்வுகளுள் இது ஒன்று.

அடுத்து வந்த சங்கதி (1994) பல பெண்களின் வாழ்வை இணைத்துச் சொல்கிறது. நிலவுடைமையாளர் ஒருவரின் பாலியல் அத்துமீறலிலிருந்து தப்பிய மாரியம்மா மீதே பழி சுமத்தப்பட்டு, ஊர்ப் பஞ்சாயத்தில் அபராதம் விதிக்கப்படுவது இதில் இடம்பெறுகிறது. சாதி ஒடுக்குமுறையோடு, சொந்தச் சமூகத்து ஆண்களின் ஆதிக்கத்தையும் இந்நூல் கேள்விக்கு உட்படுத்துகிறது. வன்மம் (2002) இரு தலித் சமூகங்களுக்கு இடையே மூளும் மோதலைக் கருவாகக் கொண்டது.

வாசகர் எதிர்வினைகள்

கருக்கு வெளியானபோது முதல் எதிர்ப்பு இவருடைய சொந்த ஊரிலிருந்தே எழுந்தது. வெளியார் அறியாத தங்கள் வாழ்வை அச்சிலேற்றித் தங்களை இழிவுபடுத்திவிட்டதாக ஊரார் சினம் கொண்டனர். ஏறத்தாழ ஏழு மாதங்கள் தம்மால் ஊருக்குள் செல்ல இயலவில்லை என்று பாமா நேர்காணல்களில் குறிப்பிட்டுள்ளார். பின்னர் படித்த இளைஞர்கள் நூலைப் பெரியவர்களுக்கு வாசித்து விளக்கினர். அது தங்களைப் பழிக்கவில்லை, தங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியையே சொல்கிறது என்பது உணரப்பட்டதும் எதிர்ப்பு தணிந்தது.

இலக்கிய வட்டாரங்களில் விவாதம் பெரும்பாலும் மொழியைப் பற்றியதாக இருந்தது. உரையாடலில் மட்டுமே பேச்சுவழக்கைக் கையாளும் மரபுக்கு மாறாக, பாமா கதைசொல்லும் நடையையே தம் மக்களின் பேச்சுமொழியில் அமைத்தார். இது கொச்சை என்று சிலர் குறை கூறினர். அம்மொழியே நூலின் வலிமை என்று வேறு சிலர் பாராட்டினர். தன்வரலாறா புதினமா என்னும் கேள்வியும் எழுந்தது. தனியொருவரின் கதை ஒரு சமூகத்தின் கதையாக விரிவதால், அதை இவ்விரு வகைகளுள் ஒன்றில் மட்டும் அடக்க இயலவில்லை.

லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்த்த கருக்கின் ஆங்கிலப் பதிப்பு 2000-இல் வெளிவந்து குராஸ்வேர்டு விருது பெற்றது. அதன் பின்னர் பாமாவின் நூல்கள் பல பல்கலைக்கழகங்களில் பாடமாயின. எனினும் 2021 ஆகத்து மாதத்தில் தில்லிப் பல்கலைக்கழகம் தன் ஆங்கில இளங்கலைப் பாடத்திட்டத்திலிருந்து சங்கதியை நீக்கியது. மகாசுவேதா தேவியின் திரௌபதி சிறுகதையும் கவிஞர் சுகிர்தராணியின் கவிதைகளும் உடன் நீக்கப்பட்டன. ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் இதற்குக் கண்டனம் தெரிவித்தனர்.

ஊரார் முதலில் காட்டிய சினத்திற்கும் பல்கலைக்கழகத்தின் நீக்கத்திற்கும் இடையே முக்கிய வேறுபாடு உண்டு. முன்னது, எழுதப்பட்டவர்களே நூலைக் கேட்டறிந்ததும் மாறியது. பின்னது, மாணவர்கள் அந்நூலைப் பாடமாக வாசிக்கும் வாய்ப்பையே நீக்கியது.

தமிழ்நாடு அரசு 2024-ஆம் ஆண்டுக்கான ஔவையார் விருதைப் பாமாவுக்கு வழங்கியது.

நூல்கள்

கருக்கு (1992)
சங்கதி (1994)
கிசும்புக்காரன் (சிறுகதைகள், 1996)
வன்மம் (2002)
மனுசி (2011)